ஆண்கள் பக்கம் விழுந்த புள்ளி

நான் பணி ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகப்போகிறது. லேபிலிருந்து இன்னும் போன் வந்தபடிதான் இருக்கிறது. போன வாரம் பிரியா கூப்பிட்டாள். நான் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது உட்கார்ந்திருப்பவள். "அக்கா, புது மெஷின் வந்துடிச்சி. வயசு, ஆம்பளையா பொம்பளையான்னு தட்டிட்டா போதும், அதுவே அதுக்கேத்த நார்மலை எடுத்துக்குது. தப்பா இருந்தா செவப்புல காட்டுது. நாம பாக்கவே வேணாம்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பாக்கவே வேணாம்னா உனக்கு எதுக்குடி சம்பளம்?" என்று கேட்டுவிட்டேன். என் வாய் அவளுக்குத் தெரியும். சிரித்துவிட்டு, "அப்ப அந்த ரோசம்மா விஷயத்த எழுதிக் குடுங்கக்கா. புதுசா சேந்த பசங்களுக்குப் படிக்கக் குடுக்கறேன்" என்றாள். அதனால்தான் இதை எழுதுகிறேன். மெஷினைக் குறை சொல்ல எழுதவில்லை. அந்த மெஷின் எனக்குக் கிடைத்திருந்தால் நானும் ஆரத்தி எடுத்திருப்பேன்.

என்னைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. குன்றத்தூர்க்காரி. லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்துவிட்டு, காஞ்சிபுரத்தில் ஒரு சின்ன லேபில் சர்க்கரையும் மலேரியாவும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கம்பெனிகள் வரிசையாக வந்தபோது இந்த ஆஸ்பத்திரியும் வந்தது, நானும் வந்து சேர்ந்தேன். முதல் சில வருடங்கள் கம்பெனியில் சேர வரும் பிள்ளைகளுக்கு ரத்தம் எடுத்தே போயின. தூத்துக்குடியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் பஸ் ஏறி வந்த தடிப்பயல்கள், "வலிக்குமாக்கா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார்கள். குத்தி முடித்து பஞ்சு வைத்த பிறகும் திறக்க மாட்டார்கள். "எழுந்து போடா, முடிஞ்சிது" என்று விரட்ட வேண்டும்.

உண்மையில் நான் வேலை கற்றுக்கொண்டது டாக்டர் சபாபதி எங்கள் லேபுக்குத் தலைவராக வந்த பிறகுதான். ஹார்மோன் அவருடைய துறை. குரலை உயர்த்திப் பேசாத மனிதர். என்னைவிடச் சின்னவர்களையும் வாங்க, போங்க என்றுதான் கூப்பிடுவார். அதுவே எனக்கு எரிச்சலாக இருக்கும். திட்டினால் திருப்பிக் கொடுக்கலாம், மரியாதையாகப் பேசுகிறவரை என்ன செய்வது?

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. ரிசல்ட் காகிதத்தைக் கொண்டுபோய் நீட்டினால், எண்கள் இருக்கும் பக்கத்தை உள்ளங்கையால் மூடிக்கொள்வார்.

"யாரோடது?"

"பேரா சார்?"

"பேர் வேணாம். ஆணா, பெண்ணா? வயசு என்ன? எப்ப எடுத்தீங்க? ராத்திரி தூங்கினாரா?"

எல்லாவற்றுக்கும் பதில் வந்த பிறகுதான் கையை எடுப்பார். ஒன்றுக்குப் பதில் தெரியாவிட்டாலும் காகிதம் நம் கைக்கே திரும்பி வந்துவிடும். முதலில் இதெல்லாம் வீம்பு என்றுதான் நினைத்தேன்.

ஒருமுறை கம்பெனி வாசலில் காவல் இருக்கும் பெரியவர் ஒருவர் வயிற்றுவலி என்று வந்து படுத்தார். வார்டிலிருந்து கார்டிசால் பார்க்கச் சொன்னார்கள். ஒரு கஷ்டம் வந்தால் உடம்பைத் தாங்கி நிற்க வைக்கும் ஹார்மோன் அது. விடிகாலையில் ஏறி, பொழுது சாயச் சாய இறங்கும். பெரியவருக்குக் காலையில் எடுத்த ரத்தத்தில் அது தரையில் கிடந்தது. வார்டு டாக்டர் பதறிவிட்டார். சபாபதி சார் கையால் காகிதத்தை மூடிக்கொண்டு, "இவரு எப்ப தூங்குவாரு?" என்று கேட்டார். விசாரித்தால், பல வருடமாக நைட் ஷிப்ட் மட்டும்தானாம். காலையில் வீட்டுக்குப் போய் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுப்பவர். "அப்ப நீங்க அவரோட ராத்திரியில ரத்தம் எடுத்திருக்கீங்க" என்றார் சார். சாயங்காலம் அவர் தூங்கி எழுந்ததும் எடுத்துப் பார்த்தோம். கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. வயிற்றுவலிக்குக் காரணம் ரோட்டுக்கடை பரோட்டா. அன்றிலிருந்து அந்தக் கேள்விகளை நானே முதலில் கேட்டுவிடுவேன்.

அதற்கப்புறம்தான் சார் ஒரு ஆராய்ச்சியை ஆரம்பித்தார். அறுபது வயதைத் தொட்ட ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஹார்மோன் சுரக்கும் விதத்தில் என்ன வித்தியாசம் என்று பார்ப்பது. "புத்தகத்துல இருக்கிறதெல்லாம் வேற ஊர்க்காரங்க ரத்தம். நம்ம ஆளுங்களோடது எப்படி இருக்குன்னு பாப்போம்" என்றார். வல்லம் வடகால், வாலாஜாபாத் பக்கத்து ஊர்களிலிருந்து வேன் வைத்து ஆட்களைக் கூட்டி வந்தோம். காலையில் வந்தால் சாயங்காலம் வரைக்கும் எங்கள் வார்டில்தான் இருக்க வேண்டும்.

ஹார்மோன், குழாயைத் திறந்துவிட்ட தண்ணீர் மாதிரி ஒரே சீராக வராது. விட்டு விட்டுத் துடிக்கும். ஒரு தடவை எடுத்தால் அது மேட்டில் இருந்ததா பள்ளத்தில் இருந்ததா என்று தெரியாது. அதனால் முழங்கைக்குக் கீழே மெல்லிய குழாய் ஒன்றைச் செருகி, பிளாஸ்டர் போட்டு நிறுத்திவிட்டு, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுப்போம். முதலில் வரும் கொஞ்சம் ரத்தத்தில் உப்பு நீர் கலந்திருக்கும், அதைக் கீழே விட்டுவிட வேண்டும். அதற்கடுத்து வருவதுதான் ட்யூபுக்கு. பிறகு உப்பு நீரைச் செலுத்திக் குழாயைக் கழுவி மூட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முறை உறைந்து நிற்கும். நான் ஆளின் பக்கத்திலேயே நின்று, பெயரை அவர் வாயால் சொல்லச் சொல்லிக் கேட்டு, அவர் கண்ணெதிரில் லேபிளை ஒட்டுவேன். மேசைக்குக் கொண்டுபோய் மொத்தமாக ஒட்டும் சோம்பேறித்தனம் என்னிடம் கிடையாது. இது பின்னால் வரும் சண்டைக்கு முக்கியம், அதனால் சொல்கிறேன்.

ஆண்களுக்கும் பெண்களுக்கும் உள்ள வித்தியாசம் ஹார்மோனுக்கு முன்னால் கட்டிலிலேயே தெரிந்துவிட்டது. ஆண்கள் வாசலிலிருந்தே சத்தமாக வருவார்கள். எந்த நிலம் எந்தக் கம்பெனிக்குப் போனது என்று கதை பேசுவார்கள். ஊசியைப் பார்த்ததும் கப்சிப். பெரிய மீசைக்காரர் ஒருவர் நான் கையைத் தொட்டதுமே மயங்கிச் சாய்ந்தார். பெண்கள், "சீக்கிரம் குத்துமா, பேரன் ஸ்கூல் வேன் வந்துடும்" என்று கையை நீட்டுவார்கள்.

ரோசம்மாவும் அவர் புருஷன் அந்தோணியும் வல்லம் வடகாலிலிருந்து வந்தார்கள். பக்கத்துப் பக்கத்துக் கட்டில். அந்தோணி ஒரு கம்பெனியில் செக்யூரிட்டியாக, பகல் ஷிப்டில் இருந்தார். நல்ல வாய்க்காரர். ரோசம்மா படுத்ததும் தூங்கிப் போனார்.

"இன்னா சிஸ்டர் பாக்குற? இவ தூங்கறதுக்குன்னே பொறந்தவ" என்றார் அந்தோணி. "கண்ணாலம் ஆனப்ப நல்லாதான் இருந்தா. எம் பொண்ணு பொறந்தப்புறம் படுத்தவதான். முப்பது வருசத்துக்கு மேல ஆவுது, இன்னும் எழுந்துக்கல."

கட்டில்களில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சத்தம் கேட்டு ரோசம்மா கண்ணைத் திறந்து அவரும் சிரித்தார். சிரிக்க வேண்டும் போலிருக்கிறது என்று சிரித்த சிரிப்பு அது. வைகாசி வெயிலில், "ஃபேன நிறுத்தும்மா, குளுருது" என்றார். மற்றவர்கள் கத்தியதால் என்னால் நிறுத்த முடியவில்லை. போர்வை கொடுத்தேன். சாயங்காலம் பிளாஸ்டரைப் பிய்த்தபோது மற்றவர்கள் எல்லாரும் ஐயோ அம்மா என்றார்கள். ரோசம்மா கையில் பிய்ந்து வர ஒரு முடிகூட இல்லை, குழந்தைக் கை மாதிரி இருந்தது.

சில வாரம் கழித்து முதல் ரிசல்ட்டுகள் வந்தன. கணக்குப் போடும் தம்பி கம்ப்யூட்டரில் பெண்களுக்குச் சிவப்பு, ஆண்களுக்கு நீலம் என்று புள்ளி வைத்திருந்தான். அந்தப் படத்தில் இருந்தது எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோன். மூளைக்கு அடியில் கடலை அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருவது. பெண்ணுக்கு மாதவிலக்கு நின்ற பிறகு சினைப்பை வேலையை முடித்துக்கொள்ளும். பிட்யூட்டரிக்கு அது புரியாது. "எழுந்து வேலை செய்" என்று கத்திக்கொண்டே இருக்கும், வயதாக ஆக உரக்கக் கத்தும். அதனால் வயதான பெண்களுக்கு இந்த எண் எங்கோ உயரத்தில் நிற்கும். ஆணுக்கு அப்படி ஒரே நாளில் கதவு சாத்துவதில்லை. உடம்பு மெதுவாகத்தான் தளரும், எண்ணும் மெதுவாகத்தான் ஏறும். படத்தில் சிவப்பெல்லாம் மேலே, நீலமெல்லாம் கீழே, நடுவில் காலியிடம்.

ஒரே ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் கீழே நீலக் கூட்டத்தில் கிடந்தது. அது ரோசம்மா.

"ஒரு புள்ளிதானே சார், எடுத்துடலாமா?" என்றான் தம்பி.

"எடுத்துடலாம். அவங்கள எங்க கொண்டுபோய் வைப்பீங்க?" என்றார் சார். பிறகு என் பக்கம் திரும்பினார். "கலா, அவங்க ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில் இல்ல? மாறிச்சா?"

"மாறல சார்."

"மாறியிருந்தா அந்தோணி புள்ளி மேல போயிருக்கணும். அதுவும் கீழதான் இருக்கு. அப்ப ரெண்டு ட்யூப்லயும் அந்தோணி ரத்தமே போயிடிச்சா?"

வந்ததே எனக்குக் கோபம். "சார், ஒரு பொம்பள கைய விட்டுட்டு ஒரு ஆம்பள கையிலயே நாள் முழுக்கக் குத்திக்கிட்டு இருக்க நான் என்ன கண்ணு தெரியாதவளா? என் மேல நம்பிக்கை இல்லன்னா சொல்லுங்க, இன்னைக்கே எழுதிக் குடுத்துட்டுப் போறேன்" என்று கத்தினேன். தம்பி கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் மூச்சு வாங்கி முடிக்கும் வரைக்கும் துடைத்தார். "தண்ணி குடிங்க கலா. உங்க மேல எனக்குச் சந்தேகம் இல்லன்னு சொல்ல மாட்டேன். மெஷின் மேலயும் இருக்கு, என் மேலயும் இருக்கு. அவங்க ரத்தத்த இன்னொரு வாட்டி எடுத்தா மூணும் தீந்துடும். நீங்களே போய் எடுத்துட்டு வாங்க. அதுக்குள்ள, உறைய வெச்ச மிச்ச ரத்தத்துல அவங்க கார்டிசாலை நான் பாக்கறேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ட்யூப் மாறியிருந்தா நல்லதுன்னுதான் நெனைக்கிறேன்" என்றார். அப்போது அது எனக்குப் புரியவில்லை. வேனில் ஏறும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஏறினேன்.

வல்லம் வடகாலில் அவர்கள் வீட்டுக்குப் பின்னாலேயே ஒரு கம்பெனி மதில். மாடியில் தெற்கத்திப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். கீழே கதவு திறந்திருந்தது. அந்தோணி வாசலில் நின்றார்.

"இன்னா சிஸ்டர், அன்னிக்கி எடுத்தது பத்தலயா?" என்றார். ஆனால் அந்த வாய்க்காரக் குரல் இல்லை. "இப்ப வாணாம். அவளுக்கு ஒடம்பு சொகமில்ல."

உள்ளே ரோசம்மா பாயில் சுருண்டு கிடந்தார். பக்கத்தில் வாந்தி எடுக்க ஒரு பக்கெட். அவர் மகள் ஸ்டெல்லா நைட் ஷிப்ட் முடித்து வந்த கோலத்தில், கம்பெனிச் சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாகச் சுவரோடு நின்றாள்.

"எப்பலருந்து இப்படி?" என்று கேட்டேன்.

"போன வாரத்துலருந்து" என்றாள் ஸ்டெல்லா. "எப்பப் பாத்தாலும் படுத்துக்கினே கீதுன்னு நான்தான் கிளினிக்குக்கு இட்டுக்கினு போனேன். தைராய்டு கம்மின்னு மாத்திரை குடுத்தாங்க. அதச் சாப்ட்டா சுறுசுறுப்பு வரும்னாங்க. அதுக்கப்புறம்தான் இன்னும் மோசம். இதுவே இப்படித்தான் சிஸ்டர். எதச் செஞ்சாலும் படுத்துக்கும்."

கையைப் பிடித்தேன். ஐஸ் மாதிரி இருந்தது. நாடி என் விரலுக்குச் சிக்கவே இல்லை. எத்தனையோ பேருக்கு நரம்பு தேடியவள் நான், அந்த மணிக்கட்டில் ஒன்றும் அகப்படாமல் பயந்துபோனேன். சாருக்குப் போன் போட்டேன். தைராய்டு மாத்திரை என்று நான் சொன்னதுதான் தாமதம், அவர் குரல் உயர்ந்தது. அத்தனை வருடத்தில் அன்றுதான் கேட்டேன்.

"மாத்திரைய நிறுத்தச் சொல்லுங்க! கலா, அவங்களுக்குக் கார்டிசாலே இல்ல. இப்பதான் பாத்தேன், அன்னைக்கு எடுத்த ரத்தத்துல காலைலருந்து சாயங்காலம் வரைக்கும் தரையிலயே கிடக்கு. உடனே தூக்கிட்டு வாங்க. இங்க ஊசி தயாரா இருக்கும்."

அந்தோணியும் டிரைவரும் பாயோடு தூக்கினார்கள். வேனில் அந்தோணி மனைவியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "ஏய் ரோசம்மா, தூங்காதடி, தூங்காதடி" என்று கன்னத்தைத் தட்டியபடியே வந்தார். ஸ்டெல்லா முன் ஸீட்டில் உட்கார்ந்து கொண்டாள். ஒரகடம் சந்திப்பில் கன்டெய்னர் லாரிகள் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. நான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அந்த டிரைவர்களைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. வழி விட்டார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் சார் செருப்பில்லாமல் நின்றார். ஊசி போடுவதற்கு முன்னால் ரத்தம் எடுத்தாக வேண்டும், போட்டுவிட்டால் எண் மாறிவிடும். நரம்புகள் எல்லாம் வற்றிக் கிடந்தன. "ஒரே வாட்டிதான் கலா, நேரம் இல்ல" என்றார். வேளாங்கண்ணி மாதாவையும் குன்றத்தூர் முருகனையும் சேர்த்துக் கூப்பிட்டுக் குத்தினேன். வந்தது. ட்யூப் நிரம்பியதும் அதே ஊசி வழியாக, கார்டிசாலுக்குப் பதிலாகக் கொடுக்கும் ஹைட்ரோகார்டிசோன் போனது. பிறகு சலைன்.

காத்திருக்கும்போது சார் எனக்கு விளக்கினார். கிளினிக் டாக்டர் மேல் தப்பில்லை, அவருக்குத் தெரிந்தது தைராய்டு குறைவு என்பது மட்டும்தான். ஆனால் இந்த உடம்பில் கார்டிசாலும் இல்லை. அதை முதலில் கொடுக்காமல் தைராய்டு கொடுப்பது, தீனி இல்லாத மாட்டைப் பூட்டி வண்டியை விரட்டுவது போல. இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் மாடு விழுந்திருக்கும். ட்யூப் மாறியிருந்தால் நல்லது என்று காலையில் அவர் சொன்னதும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. வயதான பெண்ணுக்கு உரக்கக் கத்த வேண்டிய சுரப்பி வாயே திறக்கவில்லை என்றால், கார்டிசாலையும் தைராய்டையும் சுரக்கச் சொல்லும் அதன் மற்ற வேலைகளையும் அது செய்யாது. காலையில் கத்திய கத்தலை நினைத்தால் கூச்சமாக இருந்தது. ஆனால் ட்யூப் மாறவில்லை என்பதையும் நான் அவருக்கு நினைவுபடுத்தாமல் விடவில்லை. "ஆமா, மாறல" என்றார்.

மத்தியானம் தாண்டி ரோசம்மா கண் விழித்தார். "பசிக்குது" என்றார்.

"இன்னாது?" என்றார் அந்தோணி.

"பசிக்குதுய்யா."

அந்தோணி என்னைப் பார்த்தார். "சிஸ்டர், இவ வாயால இத நான் கேட்டே எத்தினி வருசம் ஆவுது தெரியுமா?" என்று சொல்லிக்கொண்டே கேன்டீனுக்கு ஓடினார். இட்லியோடு அவர் திரும்பியபோது சார் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஸ்டெல்லா கால்மாட்டில் நின்றாள்.

"அம்மா, கடைசிப் பிரசவத்துல ரத்தம் நிறைய போச்சா?" என்று கேட்டார் சார்.

ரோசம்மா யோசித்தார். "ஆமா சார். பாயெல்லாம் ரத்தம். ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவறதுக்குள்ள நெனப்பு பூடுச்சி. பொழைக்க மாட்டேன்னு ஜெபம் பண்ண கோயில் சாமியார கூட இட்டாந்துட்டாங்களாம்."

"அதுக்கப்புறம் மாசாமாசம் வர்றது?"

"வரவே இல்ல. நல்லதாப் போச்சின்னு வுட்டுட்டேன்."

"பால் வந்துச்சா?"

ஸ்டெல்லாதான் சொன்னாள். "குடுக்கல சார். ஒடம்பு வத்திப் பூடும்னு குடுக்கலன்னு எங்க ஆயா சொல்லும். பக்கத்து வூட்டு அத்தைதான் எனக்குப் பால் குடுத்து வளத்துச்சி. ஊருக்கே தெரியும்."

சார் அவளை நிமிர்ந்து பார்த்தார். "குடுக்கலன்னு இல்லம்மா. வரல. பிரசவத்துல ரத்தம் அளவுக்கு மேல போனா, மூளைக்கு அடியில இருக்கிற ஒரு சுரப்பிக்கு ரத்தம் கிடைக்காது, செத்துடும். பால் சுரக்கச் சொல்றது அதுதான். ஓடியாடி வேலை செய்ய வைக்கிறதும் அதுதான். நீங்க பொறந்த அன்னைக்கே அது போயிடிச்சு. அம்மா இத்தனை வருஷம் அது இல்லாமதான் எழுந்து நடமாடியிருக்காங்க."

ஸ்டெல்லா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ரோசம்மா யாரையும் பார்க்காமல், போர்வையைப் பார்த்துப் பேசினார்.

"கொழந்த கத்திக்கினே கெடந்துச்சி சார். நானும் மார அமுக்கி அமுக்கிப் பாத்தேன். ஒரு சொட்டு வரல. அது வாய வெச்சி இழுத்து இழுத்துப் பாத்துட்டு இன்னும் கத்துச்சி. எங்க மாமியா வந்து புடுங்கிக்கினு பூடுச்சி."

"ஏம்மா இத எங்கிட்ட சொல்லவே இல்ல?" என்றாள் ஸ்டெல்லா.

"இன்னான்னு சொல்றது? எனக்கே தெரியலியே. பெத்த புள்ள மேல இவளுக்கு மனசு இல்லன்னு எல்லாரும் சொன்னாங்க. அப்படித்தான் இருக்கும்போலன்னு நானும் நெனச்சிக்கினேன்."

ஸ்டெல்லா செருப்பை உதறிவிட்டு அந்த ஒற்றைக் கட்டிலில் ஏறி, கம்பெனிச் சட்டையோடு அம்மா பக்கத்தில் ஒடுங்கிப் படுத்துக்கொண்டாள். சார் எழுந்து ஸ்க்ரீனை இழுத்துவிட்டார். நான் வராந்தாவுக்கு வந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அந்தோணி இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்காமல் என் பக்கத்தில் வந்து நின்றார். "நானும் அப்படித்தான் சிஸ்டர் நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார். அவரை நறுக்கென்று நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "இட்லி ஆறிடும், உள்ள கொண்டுபோய்க் குடுங்க" என்று மட்டும் சொன்னேன்.